குளிர்ச்சிக்கும் ஓர் அளவு வேண்டும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. சோற்றுக்கும் பேச்சுக்கும் பொருந்துகின்ற இப்பழமொழி, மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் பாய்கின்ற ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினுக்கும் பொருந்தும் என்று சொன்னால் நண்பர்கள் நகைக்கக்கூடும். "டவுன் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நமக்கு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி என்ன கவலை?" என்று கேட்கவும் கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காருக்குள் ஓடுகின்ற எண்ணெய், நம் பாடப்புத்தகத்தில் உள்ள விதிகளுக்குத்தான் கட்டுப்பட்டு ஓடுகிறது. காரின் விலையைப் பார்த்து இயற்கை தன் விதியை மாற்றிக் கொள்வதில்லை.

வேகக் கார் வைத்திருப்போரிடையே ஒரு நம்பிக்கை உலவுகிறது. எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கக் கூடுதலாக ஒரு கூலர் மாட்டிவிட்டால் எஞ்சின் நீண்டநாள் உழைக்கும்; சிறிய கூலர் நல்லதென்றால் பெரிய கூலர் இன்னும் நல்லது என்பதே அந்நம்பிக்கை. இதில் பாதி உண்மை. மற்றொரு பாதி, காப்பாற்றப் போன எஞ்சினையே கெடுத்துவிடும் என்பது என் கருத்து.

இதை நான் வெறும் ஏட்டுப் பேச்சாகப் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட என் அத்தை மகன் கோவையில் ஒரு கார் பட்டறையில் வேலை பார்க்கிறார். பழைய வெளிநாட்டு வேகக் கார்களை வாங்கியவர்கள் அங்கே வந்து, "பெரிய ஆயில் கூலராகப் பார்த்து மாட்டு" என்று கேட்கிறார்களாம். "ஏன் மாப்ளே, கூலர் போட்டா நல்லதா, கெட்டதா? உங்க புஸ்தகத்துல என்ன போட்டிருக்கு?" என்று அவர் என்னைக் கேட்டார். எஞ்சின் பிடித்துக் கொண்டால் காரின் சொந்தக்காரருக்குப் பணநட்டம். ஆனால் "யாரடா இதில் கை வைத்தது?" என்ற கேள்வி ஸ்பானர் பிடித்தவன் தலையில் அல்லவா வந்து விழும்? மாதச் சம்பளத்தையும் பெயரையும் சேர்த்து இழப்பவன் அவன். ஆகவே இக்கேள்விக்குச் சரியான விடை காண்பது விளையாட்டல்ல.

ஆயில் கூலர் என்பது என்ன? அது ஒரு சிறு ரேடியேட்டர். மெல்லிய குழாய்களுக்குள் சூடான ஆயில் ஓடும். குழாய்களுக்கு இடையேயுள்ள தகடுகளின் வழியாகக் காற்று வீசும். நேரில் காண விரும்புவோர் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சென்னையை அடுத்த தொழிற்சாலையில் உருவாகி 2018ஆம் ஆண்டு வெளிவந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். எஞ்சினுக்கு முன்னால், முன்சக்கரத்துக்குப் பின்னால் பொருத்தியிருக்கும் சிறிய சட்டம் ஆயில் கூலரே.

இந்தக் கலையைக் கற்றுக்கொள்ள எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த பாடம் ஜெர்மனியின் போர்ஷே 911 கார். 1963இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் அறிமுகமான இக்காரின் எஞ்சினில் தண்ணீர் கிடையாது. ஆறு சிலிண்டர்களையும் விசிறிக் காற்று குளிர்வித்தது. காற்று எட்டமுடியாத உள்பாகங்களின் வெப்பத்தைச் சுமந்து வந்து வெளியே சேர்க்கும் வேலை ஆயிலுக்கு. அதனால்தான் அந்தக் காரில் ஆயிலுக்கென்று தனித்தொட்டியும், எஞ்சினை ஒட்டி ஒரு கூலரும் ஆரம்பத்திலிருந்தே இருந்தன.

1969ஆம் ஆண்டு மாடலை எடுத்துக்கொள்வோம். 911 டி வகையின் ஆற்றல் 110 குதிரைத் திறன். 911 எஸ் வகையின் ஆற்றல் 170 குதிரைத் திறன். இரண்டு எஞ்சின்களின் கொள்ளளவும் ஒன்றே: 1,991 கன சென்டிமீட்டர். பானை ஒன்றுதான், அடுப்பில் நெருப்புக் கூடுதல்! எனவே எஸ் வகைக்கு முன்பக்க வலது மட்கார்டின் உள்ளே இரண்டாவது கூலர் ஒன்றை வைத்தார்கள். எஞ்சின் இருப்பதோ காரின் வாலில். அங்கிருந்து காரின் நீளம் முழுவதும் குழாய் போட்டு ஆயிலை முன்னுக்கு அனுப்பித் திரும்பக் கொண்டு வந்தார்கள். ஏன் இவ்வளவு சிரமம்? புதுக்காற்று தடையின்றிக் கிடைக்கும் இடம் முன்பக்கம் என்பதால்தான். எஞ்சினைக் காற்றால் குளிர்விக்கும் இந்த மரபு 911இல் 1998 வரை நீடித்தது.

ஆனால் அந்தப் பொறியாளர்கள் கூலரோடு நிற்கவில்லை. முன்கூலருக்குப் போகும் வழியில் ஒரு தெர்மோஸ்டாட் வைத்தார்கள். ஆயில் 80க்கும் 90க்கும் இடைப்பட்ட டிகிரி சென்டிகிரேடு சூட்டை எட்டும் வரை அந்தக் கதவு திறக்காது. ஓட்டுபவரின் கண்ணெதிரே இருந்த ஐந்து வட்ட மீட்டர்களில் ஆயிலின் சூட்டைக் காட்டுவதற்கும் ஒரு முள் இருந்தது. பிற்காலத்தில் கூலர் மாட்டும் ஆர்வலர் பலர் கூலரைப் பார்க்கிறார்கள்; கதவையும் முள்ளையும் மறந்துவிடுகிறார்கள். என் வழக்கே இங்குதான் தொடங்குகிறது.

ஆயில் மிகவும் சூடானால் தீமை என்பது எல்லோரும் அறிந்ததே. அது நீர்த்துப் போகும்; சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே நிற்கவேண்டிய மெல்லிய படலம் அறுந்து போகும். மேலும், பத்து டிகிரி சூடு ஏறினால் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியலார் கைக்கணக்கு. இருபது டிகிரி ஏறினால் ஆயிலின் ஆயுள் கால் பங்காகிவிடும்.

ஆயில் குளிர்ந்து கிடந்தாலும் தீமை என்பதைத்தான் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கடைகளில் கிடைக்கும் 15டபிள்யூ-40 ரக ஆயிலின் பாகுநிலை 40 டிகிரியில் நூறு சென்டிஸ்டோக்கைத் தாண்டி நிற்கும்; 100 டிகிரியில் பதினான்கு, பதினைந்துதான். ஏழு மடங்கு வேறுபாடு! குளிர்ந்த ஆயிலைத் தள்ளப் பம்பு திணறும். எஞ்சினின் ஆற்றல் அதிலேயே வீணாகும். பிரஷர் மிகுந்து வால்வு திறந்துகொண்டால், பேரிங்குக்குப் போகவேண்டிய ஆயிலில் ஒரு பகுதி பாதி வழியிலேயே திரும்பிவிடும்.

இன்னொன்று தண்ணீர். பெட்ரோலை ஆக்டேன் என்று வைத்துக் கணக்கிடுங்கள். 114 கிராம் ஆக்டேன் எரிந்தால் 162 கிராம் தண்ணீர் உண்டாகும். அதாவது ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர்! பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் சிறு பகுதி ஆயிலோடு கலக்கும். ஆயில் போதிய அளவு சூடாக இருந்தால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். எந்நேரமும் குளிர்ந்தே கிடந்தால், ஈரம் தங்கி, மோர் போல் வெளுத்த கசடு படியும், உலோகம் அரிக்கும். ஆகவே தொண்ணூறிலிருந்து நூற்றுப்பத்து டிகிரி வரை உள்ள சூடு எஞ்சின் ஆயிலுக்கு நோயன்று. அதுவே அதன் ஆரோக்கியம்.

அப்படியானால் கூலரே வேண்டாம் என்கிறாயா என்று கேட்கலாம். அல்ல. வேண்டிய இடத்தில் அது இன்றியமையாதது. வேண்டிய இடம் எது என்பதைக் கணக்குச் சொல்லும். ஒரு சிறிய கார் சமதரையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போக 15 முதல் 20 குதிரைத் திறன் போதும். 170 குதிரைத் திறன் கொண்ட கார் அப்போது தன் வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைத்தான் செலவிடுகிறது. இதற்குத் தொழிற்சாலையில் வைத்த ஏற்பாடே போதும். அதே கார் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் சுற்றுக்கு மேல் சுற்றாக, ஆக்சிலேட்டரை அமுக்கியபடி ஓடினால் கதை வேறு. அங்கே நிமிடத்துக்கு நிமிடம் சூடு ஏறும். அங்கே கூலர் ஆடம்பரமல்ல, உயிர்க்காப்பு.

கூலர் எவ்வளவு வெப்பத்தை எடுக்கும்? ஓர் எடுத்துக்காட்டு. நிமிடத்துக்கு 30 லிட்டர் ஆயில் கூலருக்குள் ஓடி, 20 டிகிரி சூடு தணிந்து வெளிவருகிறது என்று கொள்வோம். லிட்டருக்கு 0.85 கிலோ எடை, கிலோவுக்கு 2.1 கிலோஜூல் தன்வெப்பம் என்று பெருக்கினால் ஏறத்தாழ 18 கிலோவாட் வருகிறது. வீட்டில் வெந்நீர் போடும் ஒரு கிலோவாட் ஹீட்டர்கள் பதினெட்டுக்குச் சமம்! இவ்வளவையும் வாங்கிக்கொள்ளும் காற்று 40 டிகிரி சூடேறினால், வினாடிக்குச் சுமார் 0.4 கன மீட்டர் காற்று கூலர் வழியே பாய வேண்டும். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால், காற்று நுழைந்தாலும் வெளியேற வழியில்லாத மூலையில் மாட்டிய கூலர், எத்தனை பெரிதாயினும் வெறும் அலங்காரம். தண்ணீர் ரேடியேட்டருக்கு நேர் முன்னால் மாட்டினாலோ, ஆயில் விட்ட சூடு ரேடியேட்டரின் முகத்தில் அடிக்கும். ஒருவர் சுமையை இன்னொருவர் தலைக்கு மாற்றிய கதைதான்.

கூடுதல் கூலர் என்றால் கூடுதல் குழாய், கூடுதல் வளைவு, கூடுதல் இணைப்பு. ஒவ்வோர் இணைப்பும் ஆயில் கசியக்கூடிய ஓர் இடம். ஓடும்போது ஒரு குழாய் பிய்த்துக்கொண்டால் ஆயில் பிரஷர் போய், பேரிங் சில வினாடிகளிலேயே கெட்டுவிடும். சூடான புகைக்குழாயின் மேல் ஆயில் பட்டால் தீயும் பற்றலாம். தேவையின்றி மாட்டிய கூலர் எஞ்சினுக்குத் தருவது இந்த அபாயங்களை மட்டுமே.

ஆகவே என் கருத்து இது. முதலில் மாட்ட வேண்டியது கூலர் அல்ல. ஆயிலின் சூட்டைக் காட்டும் மீட்டர். அந்தக் காரை அதன் சொந்தக்காரர் உண்மையில் ஓட்டுகிற விதத்தில் ஓட்டி, முள் எங்கே நிற்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். நூற்றுப்பத்தைத் தாண்டவில்லையென்றால் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம். நூற்றுமுப்பதைத் தாண்டி அங்கேயே நின்றால் கூலர் தேவை. அப்போதும் தெர்மோஸ்டாட் இல்லாத கூலரைத் தொடவே கூடாது. பிறகுதான் கூலரின் அளவு, காற்று வரும் வழி, போகும் வழி எல்லாம். முதலில் அளவீடு, அடுத்துத் தெர்மோஸ்டாட், கடைசியில் கூலர்: இந்த வரிசை மாறினால் செலவும் வீண், எஞ்சினும் வீண். அத்தை மகனிடமும் இதையே சொல்லியிருக்கிறேன். "முள்ளைக் காட்டிப் பேசுங்கள், எழுதி வைத்த எண் உங்கள் பக்கம் சாட்சி சொல்லும்" என்றேன்.

இறுதியாக நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். உயரமான கண்ணாடி ஜாடியில் விளக்கெண்ணெயை ஊற்றி, எஃகுக் குண்டை விழவிட்டு, ஸ்டோக்ஸ் முறையில் பாகுநிலையைக் காண்கிறோம். அறையின் சூட்டில் ஒரே ஓர் எண், ரெக்கார்டு நோட்டில் ஒரு கையெழுத்து, அதோடு சரி. அதே சோதனையைக் குளிர்ந்த காலையில் ஒருமுறையும், எண்ணெயை நாற்பது, ஐம்பது, அறுபது டிகிரிக்குச் சூடாக்கி ஒவ்வொரு முறையும் செய்து, வரைபடம் போட்டால் என்ன? தெர்மாமீட்டரும் வெந்நீரும் தவிரச் செலவு ஏதுமில்லை. சரிந்து இறங்கும் அந்தக் கோட்டைத் தன் கையால் வரைந்த மாணவன், எஞ்சினுக்கு ஏன் சூடு வேண்டும் என்பதை வாழ்நாளில் மறக்கமாட்டான்.

பட்டறையில் இருப்பவர் அளக்காமல் மாட்டுகிறார். நாம் எதற்கென்று தெரியாமல் அளக்கிறோம். கருவி நம்மிடம் இருக்கிறது, கேள்வி அவர்களிடம் இருக்கிறது. எழுத்தறியாத வீடுகளிலிருந்து இக்கல்லூரிக்கு வந்திருக்கும் என் போன்றோர், அந்தக் கேள்வியை இங்கே கொண்டு வந்து, விடையை அங்கே கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். விரிவுரையாளர் பெருமக்கள் இதற்கு ஆவன செய்ய வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.