மருமகளைக் கேட்காதீர்கள், தடுப்பூசி அட்டையைப் பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. கோபமாகவும் இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நம் சின்னாளப்பட்டியில் கர்ப்பிணிப் பெண்ணுக்கு ரத்தத்தில் "ஹெப்படைட்டிஸ் பி பாசிட்டிவ்" என்று வந்துவிட்டால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எங்கே வாங்கிட்டு வந்தாளோ?" என்பதுதான். பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி. இப்போது 24 வயது, முதல் பிள்ளை. பெயரும் தெருவும் சொல்ல மாட்டேன். பரிசோதனை முடிவை ஒரு மருத்துவமனையில் வரிசையில் நின்ற இருபது பேர் காதில் விழும்படி சத்தமாக வாசித்திருக்கிறார்கள். அன்று சாயங்காலமே வீட்டில் அவளுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். "டீச்சர், நான் ஒரு தப்பும் பண்ணலை" என்று என்னிடம் வந்து அழுதாள். தப்பு என்ற சொல் இதில் எங்கிருந்து வந்தது? ரத்தச் சர்க்கரை கூடினால் யாராவது ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறோமா?

மாமியார்களே, கணவன்மார்களே, ஒரு கணக்குப் போடுவோம். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியை இந்திய அரசு 2002ல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் சோதனையாகத்தான் தொடங்கியது. 2007-08ல் தமிழ்நாடு உள்ளிட்ட 10 மாநிலங்களுக்கு வந்தது. நாடு முழுக்கப் போனது 2011ல். இன்றைக்கு 24 வயதில் கர்ப்பமாக இருக்கும் பெண் பிறந்தபோது அவளுக்கு இந்த ஊசியைப் போட அரசிடம் திட்டமே கிடையாது. அவள் அம்மாவின் ரத்தத்தில் இந்தக் கிருமி இருந்திருந்தால், பிரசவ நேரத்திலேயே இவளுக்கு வந்திருக்கும். பச்சிளம் குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் 10 பேரில் 9 பேருக்கு அது ஆயுசுக்கும் உடம்பில் தங்கிவிடும். வளர்ந்தபிறகு தொற்றினால் 100ல் 95 பேருக்கு உடம்பே விரட்டிவிடும். அப்படியென்றால் நீண்ட காலமாகக் கிருமி தங்கியிருக்கும் பெண்ணுக்கு அது தொட்டில் பருவத்திலோ சின்ன வயதிலோ வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கல்யாணத்துக்கு முந்தைய கதையைத் துருவித் துருவிக் கேட்பவர்கள் கேட்க வேண்டியது 2001ஆம் வருஷத்து அரசாங்கத்தை.

சரிக்கப்படாத ஊசி, சவரக் கத்தி, பச்சை குத்துவது, காது குத்துவது, இவற்றாலும் பரவும். 2009ல் குஜராத்தின் மோடாசாவில் ஒருமுறை போட்ட ஊசியை மறுபடி மறுபடி பயன்படுத்தியதால் பரவி எத்தனை உயிர்கள் போயின! அதில் எந்த மருமகளின் தப்பு?

தனித் தட்டு விஷயத்துக்கு வருகிறேன். சேர்ந்து சாப்பிட்டால், தொட்டால், கட்டிப்பிடித்தால், இருமினால் இது ஒட்டாது. தண்ணீரிலும் சாப்பாட்டிலும் வருவது மஞ்சள் காமாலையின் வேறு வகைகள், ஏ மற்றும் ஈ. பி வகை ரத்தத்திலும் உடலுறவிலும் பரவுவது. பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டால் தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம். இதை மருத்துவமனைக்காரர்களே சொல்லாமல் விடுவதுதான் எனக்கு ஆத்திரம்.

அடுத்து நம் வாட்ஸ்அப் வைத்தியர்கள். "கீழாநெல்லியை அரைச்சு மோரில் குடி, ஒரே மண்டலத்தில் போயிடும்" என்கிறார்கள். கீழாநெல்லியை நான் இளக்காரம் செய்யவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976ல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, 1988ல் லான்செட் இதழில் கீழாநெல்லி பற்றிக் கட்டுரை வெளியிட்டது. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று அதில் இருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. பாதிக் கதையை மட்டும் பரப்புகிறார்கள். அம்மா குடிக்கும் கீழாநெல்லி பிள்ளைக்கு நோய் போகாமல் தடுக்கும் என்று அந்தக் கட்டுரையும் சொல்லவில்லை.

தடுப்பது எது என்பதில் சந்தேகமே இல்லை. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தொடையில் ஒரு ஊசி. தாய்க்குக் கிருமி இருந்தால் அதோடு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசி, முடிந்தவரை 12 மணி நேரத்துக்குள். பிறகு 6, 10, 14 வாரங்களில் வழக்கமான பென்டாவேலன்ட். தாயின் ரத்தத்தில் வைரஸ் அளவு அதிகமாக இருந்தால் கடைசி மூன்று மாதம் டெனோபோவிர் மாத்திரை. 2018 ஜூலை 28ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எதுவும் செய்யாவிட்டால், வைரஸ் வீரியமாக உள்ள தாய்க்குப் பிறக்கும் 10 பிள்ளைகளில் 7 முதல் 9 பேருக்குத் தொற்றும். அந்தப் பிள்ளை நாற்பது வயதில் ஈரல் சுருங்கியோ ஈரல் புற்றுநோயிலோ படுக்கும்போது யாருக்கும் காரணம் ஞாபகம் இருக்காது.

தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. பிள்ளை அங்கேயே இருக்கிறது, ஊசி அங்கேயே இருக்கிறது. பிறகும் ஏன் தவறுகிறது? "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, நாளைக்குப் போடலாம்." "ஒரு குழந்தைக்காக 10 டோஸ் குப்பியை உடைச்சா வீணாயிடும்." இந்த இரண்டையும் நானே காதால் கேட்டிருக்கிறேன். திறந்த குப்பியைக் குளிர்சாதனத்தில் முறையாக வைத்து 28 நாள் வரை பயன்படுத்தலாம் என்பது அரசின் விதியே. வைரஸுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. காந்திகிராமத்தில் 1947லேயே டாக்டர் சௌந்தரம் அம்மையார் கிராமத்துப் பெண்களுக்காக மருத்துவமனை தொடங்கிய வட்டாரம் இது. இங்கேயே இந்தச் சாக்கு கேட்க வேண்டியிருக்கிறது.

என் பழைய மாணவ மாணவிகளில் இந்த வருஷம் பிரசவத்துக்குக் காத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது. பரிசோதனை முடிவைத் தாளாகக் கையில் வாங்குங்கள். பாசிட்டிவ் என்றால் பிரசவத்துக்கு முன்பே இரண்டு ஊசியும் அங்கே இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். கணவனுக்கும் மூத்த பிள்ளைக்கும் பரிசோதனை செய்து, கிருமி இல்லையென்றால் மூன்று தவணை ஊசி போடுங்கள். குழந்தை பிறந்ததும் தடுப்பூசி அட்டையில் "ஹெப் பி 0" என்ற இடத்தில் தேதி மட்டும் பார்க்காமல், நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

நம் வட்டாரத்தில் போன வருஷம் பிறந்த குழந்தைகளில் எத்தனை பேருக்கு 24 மணி நேரத்துக்குள் இந்த ஊசி போட்டார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை தபாலில் சேர்க்கிறேன். பதில் வந்ததும் இதே பக்கத்தில் போடுகிறேன்.