துண்டறிக்கையில் வராத தெரு

காலையில் நாளிதழைப் பிரிக்கும்போது உள்ளிருந்து வழுக்கி விழும் வழவழப்பான தாளைச் சென்னைவாசிகள் பலரும் பார்த்திருப்பார்கள். ‘நமது வார்டில் நடைபெற்ற பணிகள்’ என்று மேலே கொட்டை எழுத்து. கைகூப்பிய மாமன்ற உறுப்பினர்; அவர் தலைக்கு மேல் வட்டங்களுக்குள் கட்சித் தலைவர்கள். கீழே வரிசையாகப் படங்கள்: கடப்பாரை பிடித்த பூமி பூஜை, ரிப்பன் வெட்டிய அங்கன்வாடி, கறுத்து மின்னும் தார்ச் சாலை, மருத்துவ முகாம், பொதுத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைக்குப் பொன்னாடை.

எல்லாமே நல்ல செய்திகள்தான். ஆனால், சாலையின் நீளம் எவ்வளவு, செலவு எவ்வளவு, ஒப்பந்ததாரர் யார், பழுதானால் எத்தனை ஆண்டுகள் அவர் பொறுப்பு என்ற விவரங்களைத் தேடினால் கிடைக்காது. எந்தத் தெருவில் வேலை நடக்கவில்லை, ஏன் நடக்கவில்லை என்பதும் இருக்காது. வார்டு துண்டறிக்கை முதல் மேயரின் ஆண்டு நிறைவுப் பட்டியல் வரை இதே நடைதான். நகராட்சித் தலைமை மக்களிடம் பேசுவது அவசியம். அந்தப் பேச்சு கணக்கு ஒப்பிப்பதாக இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

கடமைக்குப் பொன்னாடையா?

ஒரு தார்ச் சாலையையே எடுத்துக்கொள்வோம். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கைப் போட்டால் சாலை உயரும், வீட்டு வாசல் பள்ளமாகும். பாதாளச் சாக்கடை மூடி குழிக்குள் போய்விடும். ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிப்போன வீட்டுக்கு இன்று இரண்டு படி இறங்கிப் போக வேண்டிய தெருக்கள் சென்னையில் உண்டு. மழைக்காலத்தில் அந்த வீடுகளின் கூடத்தில்தான் முதலில் தண்ணீர் நிற்கும். இதனால்தான் 2021-இல், பழைய சாலையைச் சுரண்டிய (மில்லிங்) பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று அப்போதைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு அறிவுறுத்தினார். துண்டறிக்கையில் மின்னும் சாலை சுரண்டிப் போட்டதா, மேலே பூசியதா? படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ‘மில்லிங் செய்யப்பட்டது’ என்ற இரண்டு சொற்கள் போதும். அந்த இரண்டு சொற்களைத்தான் காணோம்.

சாலை போடுவதும் விளக்கு எரிவதும் குப்பை அள்ளுவதும் சொத்து வரி கட்டுபவருக்கு மாநகராட்சி செய்ய வேண்டிய கடமை. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் சொத்து வரி கணிசமாக உயர்த்தப்பட்டது. கூடுதலாகக் கட்டியவருக்குக் கூடுதலாகக் கிடைத்தது என்ன என்று சொல்வதுதான் தகவல். 2025 ஜூலையில் வெளியான தூய்மை நகரங்களின் தேசியத் தரவரிசையில், 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 40 நகரங்களில் சென்னைக்கு 38-ஆவது இடம்; மதுரைக்குக் கடைசி இடம். கணக்கிட்ட முறையில் குறை இருந்தால் அதை விளக்கலாம். சாதனைப் பட்டியலில் அதைப் பற்றிப் பேச்சே இல்லாமல் விடுவதுதான் தவறு.

கைக்கு எட்டாத அதிகாரம்

உறுப்பினர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 1688-இல் தொடங்கிய சென்னை மாநகராட்சி, பிரிட்டனுக்கு வெளியே காமன்வெல்த் நாடுகளிலேயே பழமையானது. பழமைக்கேற்ற அதிகாரம் அதற்கு இல்லை. குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்திடம். நகரத் திட்டமிடல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.), பேருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புத் திருத்தம், நகர அமைப்புகளுக்கு மாற்றித் தரக்கூடிய 18 பணிகளைப் பட்டியலிட்டது. எவ்வளவு தருவது என்பதை மாநிலங்களின் கையில் விட்டது. நிர்வாகக் கடிவாளமோ மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம்.

ஆக, குழாயில் கழிவுநீர் கலந்து வந்தால் திட்டு வாங்குபவர் கவுன்சிலர். சரிசெய்யும் அதிகாரம் இன்னொரு அலுவலகத்தில். மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியத்தில் இந்தத் திட்டை வாங்கும் ஒருவர், நடந்த நான்கு வேலைகளையாவது படம் போட்டுக் காட்ட நினைப்பது மனித இயல்பு. ஆனால், ‘இது என் அதிகாரத்தில் இல்லை, இன்ன வாரியத்துக்கு இன்ன தேதியில் கடிதம் கொடுத்தேன், பதில் வரவில்லை’ என்று அதே தாளில் அச்சிட்டால் என்ன? மக்களின் கோபம் சரியான கதவைத் தட்டும். அவர் கோரிக்கைக்கும் பலம் கூடும்.

2016 முதல் 2022 வரை தமிழகத்தின் நகரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் தனி அலுவலர்களால் நிர்வகிக்கப்பட்டன. குறை சொல்ல வார்டில் ஒரு முகம்கூட இல்லாத காலம் அது. அதனால்தான், திரும்பக் கிடைத்த உறுப்பினரின் அறிக்கை வெறும் விளம்பரமாகச் சுருங்குவது உறுத்துகிறது.

இங்கிலாந்தின் கடிவாளம்

நகர மன்றங்களின் விளம்பர ஆசை நமக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் மன்றங்களே நாளிதழ் பாணியில் செய்தித்தாள் நடத்தி, உள்ளூர்ப் பத்திரிகைகளின் வயிற்றில் அடிப்பதாகப் புகார் எழுந்தது. 2011-இல் வெளியான நடைமுறை நெறி, பெரிய மன்றங்கள் ஆண்டுக்கு நான்கு முறைக்கு மேல் செய்தி இதழ் வெளியிடக் கூடாது என்றது. மன்றத்தின் பணத்தில் கட்சிக்கு ஆதரவு திரட்டும் வெளியீடுகளை 1986-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் அரசுப் பணத்தில் வரும் விளம்பரங்களில் யார் படம் இடம்பெறலாம் என்று 2015-இல் வரம்பு வகுத்து, மறு ஆண்டே அதைத் தளர்த்தியது. நமக்கு இனித் தேவை, எந்த விவரம் கட்டாயம் இடம்பெற வேண்டும் என்ற விதி.

அறிக்கைக்கு உரிய இடம்

அந்த விதிக்கான மேடை ஏற்கெனவே இருக்கிறது. 2022-இல் வந்த வார்டு குழு, பகுதி சபை விதிகளின்படி சென்னையின் 200 வார்டுகளும் தலா 10 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், சென்னையை அடுத்த பம்மலில் நடந்த பகுதி சபையில் முதல்வரே கலந்துகொண்டார். 2011 கணக்கெடுப்பை வைத்துப் பார்த்தால் ஒரு பகுதிக்குச் சராசரியாக மூவாயிரத்துச் சொச்சம் பேர். ஒரு கிராம ஊராட்சி அளவுதான். கிராம சபையில் வரவு செலவை வாசிக்க முடியும் என்றால் இங்கேயும் முடியும்.

குறை இல்லாமல் இல்லை. பகுதிப் பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. கட்சிக்காரர்களே நிரம்பிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. கூட்டம் நடப்பதே தெருவில் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை.

இருந்தும், வழி அதுதான். ஒவ்வொரு பகுதி சபைக்கும் ஒரு வாரம் முன்பே வார்டு அறிக்கை வீடு தேடி வரட்டும். அதில் மூன்று பத்திகள் போதும்: முடிந்த வேலை, நடக்கும் வேலை, நடக்காத வேலை. ஒவ்வொன்றுக்கும் தொகை, ஒப்பந்ததாரர், கெடு தேதி. மாநகராட்சியின் 1913 என்ற புகார் எண்ணுக்கு வார்டிலிருந்து வந்த அழைப்புகள் எத்தனை, சரிசெய்யாமலே ‘முடிக்கப்பட்டது’ என்று மூடியதாக மக்கள் சொல்பவை எத்தனை என்ற கணக்கும் வேண்டும். இதெல்லாம் புதுச் சுமை அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, கேட்காமலே வெளியிட வேண்டிய விவரங்களை 2005-லேயே வரையறுத்துவிட்டது. பொன்னாடைப் படமும் இருந்துவிட்டுப் போகட்டும், கடைசிப் பக்கத்தில்.

அதுவரை நம் பங்குக்கு ஒன்று செய்யலாம். அடுத்த முறை துண்டறிக்கை வந்தால் கசக்கிப் போடாமல் மடித்து வையுங்கள். பகுதி சபைக்கு எடுத்துப் போங்கள். அதில் உங்கள் தெரு இல்லையென்றால், ஏன் இல்லை என்று எழுந்து கேளுங்கள். கேட்டது கூட்டப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள்.