மாவுப் பொட்டலத்தில் ஓர் எண் வேண்டும்

பரோட்டாவைப் பற்றிய சர்ச்சை கிளம்பும்போதெல்லாம் மைதா குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறது. அது மரவள்ளிக் கிழங்கு மாவு என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. உண்மையில் மைதா, ரவை, ஆட்டா, தவிடு எல்லாமே ஒரே கோதுமையின் பகுதிகள். ஒரே உருளை ஆலையிலிருந்து தனித்தனியாக வெளிவருபவை. மைதாவைத் திட்டித் தீர்க்கும் நாம், ‘கோதுமை மாவு’ என்று வாங்கிவரும் பொட்டலத்தில் கோதுமையின் எந்தெந்தப் பகுதி இருக்கிறது என்று கேட்பதே இல்லை. கேட்டாலும் பதில் கிடைக்காதபடிதான் நம் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது.

இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். கோதுமை மணியில் ஏறக்குறைய 83 சதவீதம் மாவுப்பகுதி, 14 சதவீதம் தவிடு, மீதி முளை. திருகைக்கல் இவை மூன்றையும் சேர்த்தே நசுக்கியது. சலித்தாலும் தவிட்டுத் துகள் மாவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கல்லுக்குப் பதில் உருளை என்ற யோசனையை 1830களில் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் சுல்ஸ்பெர்கர் செய்து பார்த்தார். அது முழுமை பெற்றது ஹங்கேரியில். புடாபெஸ்டில் ஆபிரகாம் கான்ஸ் நிறுவிய வார்ப்பாலை, ரயில் சக்கரங்களின் மேற்பரப்பைத் திடீரெனக் குளிரவைத்து இறுக்கும் வித்தையில் பெயர் பெற்றது. அங்கே பணியாற்றிய மெக்வார்ட், அதே இரும்பில் 1870களில் உருளைகளை வார்த்தார். வரிவெட்டிய இரண்டு உருளைகள், ஒன்று மற்றதைவிட வேகமாகச் சுழன்று, மணியை நசுக்காமல் பிளந்து சுரண்டும். சலித்து, மறுபடி சுரண்டி, கடைசியில் வழவழப்பான உருளைகளில் அரைத்தால் தவிடு ஏடு ஏடாக விலகிவிடும். மாவு பாலாக விழும்.

அமெரிக்காவில் மின்னியாபோலிஸ் இதை ஒரு பேரரசாகவே வளர்த்தது. அந்த வட்டாரத்தின் வசந்தகாலக் கோதுமை கடினமானது. அதன் தவிடு கல்லில் நொறுங்கி மாவைப் பழுப்பாக்கியதால் சந்தையில் விலை போகவில்லை. தவிட்டைக் காற்றால் ஊதிப் பிரிக்கும் கருவி 1870களின் தொடக்கத்தில் அங்கே வந்தது. 1878 மே 2 அன்று வாஷ்பர்ன் ஆலையில் மாவுத்தூசி வெடித்து 18 பேர் இறந்தனர். மீண்டும் எழுப்பிய ஆலையில் உருளைகள் இடம்பிடித்தன. 1880 முதல் சுமார் அரை நூற்றாண்டு உலகின் மாவுத் தலைநகர் அதுதான். இதில் நன்மையே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. முளையில் உள்ள எண்ணெய்தான் மாவைச் சிக்கு பிடிக்க வைப்பது. அதை நீக்கியதால் மாவு மாதக்கணக்கில் தாங்கியது, கடல் கடந்தது. அதுவரை செல்வர் வீட்டுப் பண்டமாக இருந்த வெள்ளை ரொட்டி கூலித் தொழிலாளியின் தட்டுக்கும் வந்தது.

அதற்குக் கொடுத்த விலை பின்னரே தெரிந்தது. அதை முதலில் உணர்த்தியது அரிசி. தீட்டிய வெள்ளை அரிசியையே உண்டவர்களை பெரிபெரி நோய் கொன்றுகொண்டிருந்தது. மலாயாவில் சீனத் தொழிலாளர்கள் அதற்குப் பலியானபோது, புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பினர் என்பதை மருத்துவர் பிராடன் 1907இல் எழுதினார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்ற விளக்கம் பிறகு வந்தது. நம் பாட்டிமார் அடுப்படியில் செய்துவந்த வேலை எத்தனை உயிர்களைக் காத்தது என்று எண்ணும்போது மனம் நிறைகிறது.

அப்படியானால் உருளை ஆலைதான் குற்றவாளியா? இல்லை என்பதற்கு வலுவான சான்று பிரிட்டனில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் கப்பல்களில் இடம் அருகியபோது, 1942இல் அந்த அரசு ‘தேசிய ரொட்டி’யைக் கட்டாயமாக்கியது. கோதுமையில் 85 சதவீதம் மாவாக வேண்டும் என்பது ஆணை. வெள்ளை மாவை அரைத்துத் தள்ளிய அதே உருளை ஆலைகள்தான் அந்தப் பழுப்பு மாவையும் அரைத்தன. பிரித்ததை மீண்டும் சேர்க்க அந்த இயந்திரத்துக்குத் தெரியும். சேர்ப்பதா, தவிட்டை மாட்டுத் தீவனத்துக்கு விற்பதா என்பதை மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். கல்லில் அரைத்ததை மட்டும் வாங்குங்கள் என்ற அறிவுரையும் இதனால்தான் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. கல்லில் அரைத்துவிட்டு நன்றாகச் சலித்தால் தவிடு அங்கேயும் போய்விடும்.

சத்துகளைச் சேர்த்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்கா 1941 முதல் வெள்ளை மாவில் இரும்பையும் பி வைட்டமின்கள் சிலவற்றையும் சேர்த்தது; பயன் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் எடுத்தவை ஏராளம், திருப்பித் தந்தவை நாலைந்து. நார்ச்சத்து திரும்பி வரவேயில்லை.

நம் நாட்டு விதியைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள், முழுக் கோதுமை அரைத்த ஆட்டாவையும், மைதாவும் ரவையும் எடுத்தபின் மிஞ்சும் ஆட்டாவையும் ஒரே வரையறையில் அடைத்தன. மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பல் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தன. சாம்பல் பெரும்பாலும் தவிட்டிலிருந்து வருவது. ஆகவே தவிட்டை எவ்வளவு எடுத்தாலும் இந்த வரம்பு தடுக்காது. ஜெர்மனியில் அதே சாம்பல் அளவு பொட்டலத்தின் முகப்பிலேயே இருக்கிறது: 405 என்றால் வெண்மாவு, 1050 என்றால் தவிடு கூடிய மாவு. 100 கிராம் உலர்மாவில் இத்தனை மில்லிகிராம் சாம்பல் என்பதே அந்த எண்ணின் பொருள். பிரான்சிலும் மாவின் வகை எண் சாம்பல் அளவையே குறிக்கிறது.

மக்களுக்கு எண் புரியாது என்பார்கள். பால் பாக்கெட்டில் கொழுப்புச் சதவீதம் பார்த்து வாங்கும் மக்களுக்கு இது புரியும். சிறு ஆலைகளுக்குச் சுமை என்பார்கள். உச்சவரம்பைச் சரிபார்க்கவே இந்தச் சோதனை செய்தாக வேண்டும். அதன் முடிவை அச்சிடுவது புதிய செலவல்ல. முளையோடு கூடிய மாவு சீக்கிரம் கெடும் என்பது உண்மைதான். அதற்குரிய குறுகிய தேதியைப் போட்டு விற்கட்டும். மைதா வேண்டுபவர் மைதா வாங்கட்டும், முழு மாவு வேண்டுபவருக்கு முழு மாவு கிடைக்கட்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இரண்டு ஆட்டாக்களையும் வரையறையில் பிரித்து, சாம்பல் எண்ணை ஒவ்வொரு பொட்டலத்தின் முகப்பிலும் அச்சிடக் கட்டாயமாக்க வேண்டும்.