வேங்கைவயல்: டீக்கடைக் குவளையை விட்டுவிட்டு ரத்தத்தில் தேடினார்கள்

தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தோழர்களே, பரிணாமப் பாடத்தில் ஹார்டி - வீன்பெர்க் சமநிலை வரும். ஒரு கூட்டத்தில் ஜீன்களின் விகிதம் தலைமுறைகள் கடந்தும் மாறாதிருக்க ஐந்து நிபந்தனைகள். அதில் ஒன்று, யாரும் யாரோடும் இணையும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும் என்பது. மனப்பாடம் செய்கிறோம், மார்க் வாங்குகிறோம். இந்த நாட்டில் அந்த நிபந்தனையை உடைப்பது எது என்று மட்டும் வினாத்தாள் கேட்பதில்லை.

சாதி. அகமணம்தான் அதன் உயிர்நாடி என்று அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் நிறுவிவிட்டார். டிஎன்ஏவின் அமைப்பு அப்போது யாருக்கும் தெரியாது. 2013இல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் 73 குழுக்களின் மரபணுக்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவும் அதே திசையில்தான் வந்து நின்றது. சுமார் 4200 முதல் 1900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இங்கே மக்கள் பரவலாகக் கலந்தார்கள். கதவு சாத்தப்பட்டது அதற்குப் பிறகு. 'ஆண்ட பரம்பரை ரத்தம்' என்று ரீல்ஸ் போடும் தம்பிகளின் உடம்பிலும் அந்தக் கலப்புதான் ஓடுகிறது. பாவம், அவர்களும் இதே பாடத்தைப் படித்துத்தான் பாஸ் ஆகிறார்கள்.

ஆக, சாதி ரத்தத்தில் இல்லை. அது வேலியில் இருக்கிறது, கோயில் வாசலில் இருக்கிறது, டீக்கடையில் இருக்கிறது. அரசு எங்கே தேடியது?

2022 டிசம்பரில் நம் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகே தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். மறுநாள் ஊருக்கு வந்த மாவட்ட அதிகாரிகளே இறையூர் டீக்கடையில் இரட்டைக் குவளையைக் கண்டார்கள். ஐயனார் கோயிலுக்குள் தலித் மக்களை விடாததையும் கண்டார்கள். சாட்சியம் கண்ணெதிரே இருந்தது. சிபிசிஐடியோ ஊசியை எடுத்தது. முப்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் டிஎன்ஏ பரிசோதனை. பாதிக்கப்பட்ட தெருவின் ஆட்களும் அதில் உண்டு, சிறுவர்கள்கூட உண்டு. அந்த நீரைக் குடித்தவர்களே தங்கள் ரத்தத்தைக் கொடுத்துத் தங்களை நிரூபிக்க வேண்டியிருந்தது. மறுத்தவர்களுக்கு நீதிமன்ற உத்தரவு வந்தது. முடிவு? யாருடைய டிஎன்ஏவும் பொருந்தவில்லை.

டிஎன்ஏ ஆளை அடையாளம் காட்டும். நோக்கத்தைக் காட்டாது, ஒரு தெருவின் தண்ணீரைக் குறிவைக்கும் வெறுப்பைக் காட்டவே காட்டாது. அதற்கு இரட்டைக் குவளை வைத்தவர்களிடமிருந்து விசாரணை தொடங்கியிருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் ஓடின. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது, அதே வேங்கைவயலின் மூன்று தலித் இளைஞர்கள் மீது! இம்முறை ஆதாரம் என்று காட்டப்பட்டவை செல்போன் உரையாடல்களும் படங்களும். குற்றம் சாட்டப்பட்டவர்களும் பட்டியல் சாதியினர் என்பதால் இது வன்கொடுமை வழக்கே இல்லை என்றாகிவிட்டது. விசிகவும் மார்க்சிஸ்ட் கட்சியும் இந்தக் குற்றப்பத்திரிகையை ஏற்க மறுத்து, வழக்கை சிபிஐயிடம் ஒப்படைக்கக் கோரின. ஊர் மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். நாமும் அந்தக் குற்றப்பத்திரிகையை ஏற்கவில்லை. நீதிமன்றக் கண்காணிப்பில் புதிய விசாரணை வேண்டும். அது டீக்கடையிலிருந்து தொடங்க வேண்டும்.