பின்வரிசையில் ஒரு யூபோனியம்



இவ்வாண்டு நம் ஆண்டு விழாவில் புல்லாங்குழலைத் தனித்து வாசிக்கும் வாய்ப்பு எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்திக்குக் கிடைத்தது. மூன்று ஆண்டுகளாக வாசித்துவரும் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரு வாரம் அவளிடம் நான் முகங்கொடுத்துப் பேசவில்லை. அந்த வாரத்தில்தான் சித்தப்பா வீட்டில் ஒரு ஜப்பானியத் தொடரைப் பார்த்தேன். நம் பேண்டு வாத்தியக் குழுவினர் அனைவரும் அதைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அதன் பெயர் ‘ஹிபிகே! யூபோனியம்’. ‘ஒலித்திடு, யூபோனியமே!’ என்று பொருள் கொள்ளலாம். அயனோ டகேடா என்ற பெண் எழுத்தாளரின் நாவலைக் கொண்டு, கியோட்டோ அனிமேஷன் நிறுவனம் 2015-இல் வெளியிட்ட சித்திரத் தொடர் இது. யூபோனியம் என்பது மடியில் வைத்து ஊதும் பெரிய பித்தளைக் கருவி. எல்லாருடைய கண்ணும் டிரம்பெட்டின் மேல் இருக்கும். பாட்டுக்கு உடம்பு தருவதோ இக்கருவியின் கனிந்த குரல். கதைநாயகி குமிகோ அதைத்தான் வாசிக்கிறாள்.

பேண்டு நமக்கும் புதிதன்று. முத்துசுவாமி தீட்சிதர் நமக்குத் தெற்கே உள்ள மணலியில் வாழ்ந்த நாளில், புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு இசையைக் கேட்டார். அம்மெட்டுகளுக்கு அவர் வடமொழியில் எழுதிய பாடல்களே நோட்டுஸ்வர சாகித்தியங்கள்.

கதைக்கு வருவோம். குமிகோவின் பள்ளிக்குப் புதிய இசை ஆசிரியர் வருகிறார். “மகிழ்ச்சிக்காக வாசிக்கப் போகிறீர்களா, தேசியப் போட்டிக்குச் செல்லப் போகிறீர்களா?” என்று கேட்கிறார். பெரும்பாலோர் யோசிக்காமல் போட்டிக்குக் கை தூக்குகிறார்கள். பிறகுதான் வேதனை தொடங்குகிறது. மேடையேறலாம் என்ற அனுமதி 55 பேருக்கு மட்டுமே. யார் யார் என்பதை வகுப்பு பார்த்து அல்ல, வாசிப்பைக் கேட்டே ஆசிரியர் முடிவு செய்கிறார்.

டிரம்பெட் தனி வாசிப்பு முதலாண்டு மாணவி ரெய்னாவுக்குக் கிடைக்கிறது. எல்லாரும் நேசிக்கும் மூன்றாமாண்டு அக்கா கவோரிக்கு அதுவே கடைசி ஆண்டு. சச்சரவு எழுகிறது. இறுதியில் குழுவினர் அனைவர் முன்னிலையிலும் இருவரும் வாசிக்கிறார்கள். “நீயே வாசிக்கிறாயா?” என்று ஆசிரியர் கேட்க, கவோரி மறுத்து, ரெய்னாவே வாசிக்கட்டும் என்கிறாள். அந்த இடத்தில் என் கண்கள் கலங்கின. கவோரி தோற்றுப்போனாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொருத்தி நட்சுகி. அவளும் யூபோனியம்தான். தனக்குக் கிடைக்காத இடம் தன்னைவிட இளையவளான குமிகோவுக்குக் கிடைத்தபோது, அவளை அழைத்துச் சென்று தேற்றுகிறாள். அவள் செய்ததையும் நான் செய்ததையும் ஒப்பிட்டு வெட்கப்பட்டேன்.

பொதுத்தேர்வு ஆண்டில் இது தேவையா என்று பெற்றோர் கேட்கலாம். முதல் பருவத்தில் 13 பகுதிகள். ஒவ்வொன்றும் அரைமணிக்கும் குறைவு. ஞாயிறு பூசை முடிந்து ஒன்று பார்த்தால் படிப்பு கெடாது. படிப்புக்காகக் குழுவை விட்டு விலகும் ஒரு மாணவியும் இதில் வருகிறாள். கதை அவளைப் பழிக்கவில்லை. குறை ஒன்று உண்டு. அவர்கள் இருட்டும்வரை பயிற்சி செய்வதைப் பார்த்து நாமும் அப்படிச் செய்ய இயலாது. மாலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் நம்மில் பலர். ஆனால் கிடைக்கும் அரைமணியை அரட்டையில் கழிக்காமல் இருக்கலாம் அல்லவா?

2019 ஜூலை 18 அன்று ஒருவன் வைத்த தீயில் இந்நிறுவனத்தின் கலைஞர்கள் 36 பேர் இறந்தனர். மீந்தவர்கள் மனந்தளராமல் 2024-இல் மூன்றாம் பருவத்தை வெளியிட்டார்கள். அதில் குமிகோவே மூன்றாமாண்டு அக்கா, குழுவின் தலைவி. தகுதிக்கே இடம் என்று நம்பிய அவளுக்கே அந்தச் சோதனை வருகிறது. முடிவை நான் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்கள்.

என் கருத்து இதுவே: இடத்தைத் தகுதிக்குக் கொடுப்போம், தேர்வை எல்லார் முன்னும் நடத்துவோம், இடம் கிடைக்காதவளை ஒருபோதும் தனியே விடாதிருப்போம். இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியா நமக்காக மன்றாடுவாராக!

தொடரைப் பார்த்து முடித்த மறுநாள் அந்தத் தங்கையிடம் சென்றேன். கடினமான அடியில் அவள் எங்கே மூச்சு எடுக்கிறாள் என்று கேட்டுக் கற்றுக்கொண்டேன். விழா மேடையில் அவள் தனித்து வாசித்து முடித்ததும், பின்வரிசையிலிருந்து இரண்டாம் குழலாகச் சேர்ந்துகொண்டவள் நான்தான்.

— பத்தாம் வகுப்பு மாணவி