ரீல்ஸ்ல ஓடுற விண்டேஜ் கார்ட், நம்ம ரோட்டுல ஓடுமா?

தூக்கம் வராத ராத்திரியில ரீல்ஸ் தள்ளிக்கிட்டே இருக்கும்போது இப்படி ஒரு வீடியோவாவது உங்க கண்ணுல பட்டிருக்கும். வீட்டு ஷெட்டில் ஒருத்தர் சதுர இரும்புப் பைப்பை வெட்டுவார். வெல்டிங் பொறி பறக்கும். நாலு பைக் சக்கரம் வந்து உட்காரும். தகரத்தைத் தட்டி வளைத்து, மேலே நீல பெயின்ட். அறுபதாவது விநாடியில், 1920-களின் ரேஸ் கார் மாதிரியே ஒரு குட்டி வண்டி புழுதி கிளப்பிக்கிட்டு ஓடும். கமென்ட்டில் நம்ம ஆட்கள் ரெண்டே கேள்விதான் கேட்பாங்க. 'எவ்ளோ ப்ரோ ஆகும்?', 'இதை ரோட்டுல ஓட்டலாமா?'

முதல் கேள்விக்கு பதில் ஈஸி. ரெண்டாவதுதான் வில்லங்கம்.

இந்த வண்டிக்கு சைக்கிள்கார்ட்னு பேர். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஸ்டீவன்சன் குடும்பத்தார் 1990-களில் ஆரம்பித்து வைத்த விளையாட்டு. புகாட்டி டைப் 35 போன்ற பழைய கிராண்ட் பிரீ கார்களைப் பார்த்து, அதே சாயலில் வீட்டிலேயே செய்வது. ஹோண்டாவின் 6.5 குதிரைத்திறன் ஜிஎக்ஸ்200 மாதிரி ஒரு சின்ன எஞ்சின். தண்ணி பம்ப், ஜெனரேட்டரில் எல்லாம் பார்ப்போமே, அதே வகையறாதான். 17 இன்ச் ஸ்போக்ஸ் சக்கரம். மொத்த எடை சுமார் 110 கிலோ, வேகம் 60 கி.மீ. பக்கம். வாஷிங்டன் மாகாணத்தில் ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற டியட்டன் என்ற சின்ன ஊரில் இதுக்குன்னே ஒரு 'கிராண்ட் பிரீ' நடத்துகிறார்கள். இதில் காசைக் கொட்டி ஜெயிக்க நினைக்கிறவரை மற்றவர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பாங்க.

கொஞ்சம் பின்னாடி போனா, கோ-கார்ட் என்ற பொருள் பிறந்ததே இப்படித்தான். 1956-ல், கலிஃபோர்னியாவில் கர்ட்டிஸ் கிராஃப்ட் என்ற ரேஸ் கார் கம்பெனியில் வேலை பார்த்த ஆர்ட் இங்கெல்ஸ், புல் வெட்டும் இயந்திரங்களுக்காகச் செய்து மிஞ்சிப்போன ஒரு குட்டி எஞ்சினை எடுத்து, நாலு பைப்பில் பூட்டி ஓட்டினார். உலக சாம்பியன்கள் சின்ன வயசில் பழகிய வண்டியின் கொள்ளுத்தாத்தா அதுதான்.

சரி, பழைய விஷயம் இப்போ ஏன் ட்ரெண்டாகுது? 'நாஸ்டால்ஜியா'ன்னு ஒரே வார்த்தையில் முடிச்சிடலாம். ஆனா, அதைப் பார்க்கிற 20 வயசுப் பையனுக்கு 1920-கள் மேல என்ன நாஸ்டால்ஜியா இருக்க முடியும்? காரணம் வேறன்னு நினைக்கிறேன். உங்க வீட்டு ஸ்கூட்டரைப் பாருங்க. கோளாறு வந்தா சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்துதான் சொல்றாங்க. நாமளே திறந்தா வாரன்டி போச்சு. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்றால் ராத்திரியோட ராத்திரியா சாஃப்ட்வேர் அப்டேட் வந்து, காலையில் வேற வண்டியாகவே நிற்குது. சைக்கிள்கார்ட்டில் மூடி மறைக்க எதுவும் இல்லை. பெடலை அமுக்கினா எந்தக் கம்பி எதை இழுக்குதுன்னு உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். வியட்நாமில் ஒரு தச்சர் தன் மகனுக்காக மரத்தில் செய்த ஃபெராரி 250 ஜிடிஓ வீடியோவை உலகமே பார்த்ததும் இதனால்தான்.

பெரிய கம்பெனிகளுக்கும் இந்த ஆசை தெரியும். டைப் 35-ஐ முக்கால் சைஸில் எலெக்ட்ரிக்காக்கி 'புகாட்டி பேபி 2' என்று விற்றார்கள். வெறும் 500 வண்டிகள். அடிப்படை விலையே 30,000 யூரோ. நம்ம காசுக்கு 25 லட்சத்துக்கும் மேல!

தகரம் ஈஸி, சக்கரம்தான் ஆபத்து

ரீல்ஸ் காட்டாத பகுதிக்கு வருவோம். அறுபது விநாடி வீடியோவில் ரொம்ப நேரம் ஓடுறது பாடி வேலையும் பெயின்ட்டும்தான். நம்ம ஊர் டிங்கரிங் பட்டறையில் அதுக்கு ஆள் பஞ்சமே இல்லை. உயிர் போகிற விஷயம் சக்கரத்தில் இருக்கு.

பைக் வளைவில் திரும்பும்போது சாயும். அதனால் எடை பெரும்பாலும் ஸ்போக்ஸ் வழியாக நேராகக் கீழே இறங்கும். நாலு சக்கர வண்டி சாயாது. வளைவில் பக்கவாட்டு விசை முழுக்க, சக்கரத்தை மடக்கத்தான் பார்க்கும். பைக் ஸ்போக்ஸ் அதுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. இன்னொண்ணு, பைக்கில் ஃபோர்க் சக்கரத்தை ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கும். கார்ட்டில் ஒரே பக்கத்திலிருந்து நீட்டிக்கிட்டு நிற்கிற ஆக்ஸில் மேல்தான் மொத்த பாரமும். காயலான் கடையில் டிவிஎஸ் எக்ஸ்எல் சக்கரம் நாலு வாங்கி, அதே பழைய மெல்லிசு ஆக்ஸிலோட அப்படியே பூட்டினால், முதல் பத்து ரவுண்டு ஜாலியா இருக்கும். அப்புறம் ஆக்ஸில் வளையும், இல்லை உடையும். தெரிந்தவர்கள் தடிமனான ஆக்ஸில் போட்டு, அதுக்கேற்ற பேரிங் மாற்றி, ஹப்பையும் லேத்தில் கொடுத்து வேலை பார்ப்பது இதனால்தான்.

அடுத்தது ஸ்டியரிங். வளைவில் உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டம் போடும், வெளிப்பக்கம் பெரிய வட்டம். ரெண்டும் ஒரே அளவு திரும்பினால் டயர் தேய்ந்து இழுபடும், வண்டி நேராகவே போகப் பார்க்கும். இதுக்கு ஆக்கர்மேன் கணக்குன்னு ஒண்ணு இருக்கு. பயப்படாதீங்க, கொத்தனார் மாதிரி நூல் பிடிச்சாலே போதும். முன்சக்கரம் திரும்புகிற கிங் பின்னிலிருந்து, டை ராட் மாட்டுகிற ஓட்டை வழியாகப் பின்னோக்கி ரெண்டு பக்கமும் நூல் இழுங்க. ரெண்டு நூலும் பின் ஆக்ஸிலின் நடுவில் சந்திக்கணும். இதைக் காட்டாமல் 'வீட்டிலேயே கார்ட் செய்வது எப்படி'ன்னு வீடியோ போடுறவரை நம்பாதீங்க.

செயினுக்கு மூடி போடாத வண்டியில் ஏறவே ஏறாதீங்க. டிக்கெட் வாங்கி ஓட்டுகிற கமர்ஷியல் கார்ட்டிங் இடங்களிலேயே, ஹரியானாவின் பிஞ்சோரில் 2018-லும் ஹைதராபாத் அருகே 2020-லும் வண்டியில் தலைமுடி சிக்கிப் பெண்கள் இறந்திருக்காங்க. ஹைதராபாத்தில் இறந்த பெண்ணுக்கு 20 வயசு. காசு வாங்கி ஓட விடுகிற இடத்திலேயே இந்த லட்சணம் என்றால், நம்ம வீட்டு வாசல்ல?

நாலாவது சக்கரம் செய்யும் வினை

இப்போ அந்த ரெண்டாவது கேள்வி. ரோட்டில் ஓட்டலாமா? முடியாது. 'தெருமுனை வரைக்கும்தானே'ன்னாலும் முடியாது.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 2(28), எது மோட்டார் வாகனம் என்று சொல்கிறது. அதில் விதிவிலக்கு பெறும் சின்ன வண்டிகள் உண்டு. ஆனால், நாலுக்கும் குறைவான சக்கரம், 25 சிசி-க்கு மிகாத எஞ்சின், ரெண்டும் சேர்ந்து இருக்கணும். நாலாவது சக்கரத்தை மாட்டியதுமே உங்க கார்ட், சட்டத்தின் கண்ணில் கார்தான். பதிவு இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். 18 வயசு ஆகாத தம்பி ஓட்டி மாட்டினால் கதையே வேற. பிரிவு 199ஏ-ன்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும், மூணு வருஷம் வரை சிறையும் உண்டு. 'எலெக்ட்ரிக் மோட்டார் போட்டா தப்பிக்கலாமே?'ன்னு கேட்பீங்க. 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் குறைவான வண்டிகளுக்குச் சலுகை இருக்கு. ஆனா, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையம் பார்த்துச் சான்று தந்தால்தான் அது செல்லும்.

அபராதத்தை விடுங்க. பதிவு இல்லைன்னா இன்ஷூரன்ஸ் இல்லை. யார் மேலயாவது இடிச்சா, நஷ்டஈடு முழுக்க உங்க வீட்டுத் தலையில்.

சரி, பதிவு செய்துட்டா? அங்கேதான் கதவே இல்லை. விதி 126-ன்படி, வண்டி தயாரிப்பவர் ஒரு மாதிரி வண்டியை புனேயின் ஏஆர்ஏஐ போன்ற நிலையங்களில் கொடுத்துச் சான்று வாங்கணும். அந்த நடைமுறையே கம்பெனிகளை மனசில் வெச்சு எழுதப்பட்டது. ஒரே ஒரு வண்டி செய்தவருக்கு அது ஆகிற காரியமில்லை. பிரிட்டனில் ஐவிஏ என்றொரு முறை இருக்கு. வீட்டில் செய்த அந்த ஒற்றை வண்டியை மட்டும் ஆய்வாளர் பார்ப்பார். பிரேக், விளக்கிலிருந்து பாடியில் கூரான விளிம்பு இருக்கா என்பது வரை சோதித்து, தேறினால் ரோட்டுக்கு அனுப்புவார்.

மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில், தேவ்ராஷ்ட்ரே கிராமத்துக் கொல்லர் ஒருவர் பழைய இரும்பில் சுமார் 60,000 ரூபாய்க்கு ஒரு குட்டி ஜீப் செய்தது நினைவிருக்கா? கிக்கர் உதைத்து ஸ்டார்ட் செய்யும் ஜீப்! செலவைக் கேட்டவங்களுக்கு இந்தத் தொகை ஒரு கணக்கு. ஆனால் அது 2021 விலை, கூலியும் அவரோடது. அந்த டிசம்பரில் ஆனந்த் மஹிந்திரா அதை ட்விட்டரில் பாராட்டினார். கூடவே, விதிமீறல் என்பதால் அதிகாரிகள் என்றைக்காவது நிறுத்திவிடுவார்கள் என்றும் சொல்லி, பதிலுக்கு ஒரு பொலேரோ தருவதாக அறிவித்தார். 2022 ஜனவரியில் பொலேரோ வந்து சேர்ந்தது. எல்லோரும் கைதட்டினோம். நல்ல மனசுதான், மறுக்கலை. ஆனா, தானே ஒரு வண்டியைச் செய்தவருக்கு நாம கொடுத்த பரிசு, அதை ஓட்டாமல் இருக்க இன்னொரு வண்டி!

திறமை இல்லாத ஊரா நம்மது? சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில், உள்ளூர்ப் பட்டறைகளில் கட்டிய வண்டிகள் ஓடின. கோவையின் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரையே உருவாக்கினார். இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 டிரைவர் நரேன் கார்த்திகேயன் தன் ஆரம்ப ரேஸை ஓட்டியது அந்த வண்டியில்தான். புதுப்பேட்டையில் கிடைக்காத பார்ட்ஸ் கிடையாது. நம்மகிட்ட இல்லாதது, செய்ததைப் பத்திரமா ஓட்டிப் பார்க்க ஓர் இடம்.

ரோட்டில் விடச் சொல்லி நான் கேட்கலை. லாரி டிரைவர் கண்ணுக்கு அரையாள் உயரம்கூட இல்லாத வண்டி தெரியாது. அமெரிக்காவிலும் இந்த வண்டிகள் பெரும்பாலும் தனியார் நிலம், மண் தடம் என்றுதான் ஓடுது. ஆனால், அதே பிரிவு 2(28)-ல் சுற்றுச்சுவருக்குள் மட்டும் பயன்படும் சிறப்பு வகை வண்டிகளுக்கும் விலக்கு இருக்கு. எஞ்சினீயரிங் கல்லூரி மைதானங்களும் கார்ட்டிங் டிராக்குகளும் மாசத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆம்புலன்ஸோடு, சொந்த வண்டிக்காரர்களுக்குக் கதவைத் திறந்தால் என்ன? அதுவரை, உரிமையாளர் அனுமதியோடு சுற்றுச்சுவருக்குள் மட்டும் ஓட்டுங்க.

சோதிக்கிற முறைக்கும் வெளிநாடு போக வேண்டாம். அந்தக் கரிவரதன் பெயரில் கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வேயில், கல்லூரி மாணவர்கள் தாங்களே கட்டிய ரேஸ் கார்களைக் கொண்டுவரும் ஃபார்முலா பாரத் போட்டி நடக்குது. இந்த மாதிரி ஃபார்முலா மாணவர் போட்டிகளில், ரேஸுக்கு முன்னாடியே ஆய்வில் பல வண்டிகள் மூக்குடைபடும். பிரேக் மிதித்தால் நாலு சக்கரமும் பூட்டணும். வண்டியை 60 டிகிரி சாய்த்தால் பெட்ரோல் சொட்டக் கூடாது. பெல்ட் மாட்டி உட்கார்ந்திருக்கும் டிரைவர் 5 விநாடிக்குள் வெளியே வந்து நிற்கணும்.

கடைசி சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. சேஸிஸ் வெல்டிங் முடிந்த அன்றைக்கே, ஹெல்மெட் போட்டு உள்ளே உட்கார்ந்து, ஃபிரெண்டைவிட்டு போனில் டைமர் ஓடவிடுங்க. 6 விநாடி ஆச்சுன்னா பெயின்ட் கடைக்குப் போக வேண்டாம். ஸ்டியரிங்கைத் தள்ளி வெச்சுட்டு மறுபடி உட்கார்ந்து பாருங்க.