வில்லங்கச் சான்றில் இல்லாத வில்லங்கம்

ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தால் செய்திக்கு முன்னால் மனை விளம்பரம்தான் மடியில் விழுகிறது. 'தாம்பரத்திலிருந்து பத்தே நிமிடம்!' எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று போடமாட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஆம்புலன்ஸில் போனால் சாத்தியம். ஸ்கூல் பக்கம், காலேஜ் பக்கம், கிளாம்பாக்கம் பஸ் நிலையம் பக்கம் என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். இன்னும் கொஞ்சம் காசு கூடின இடமென்றால் 'லேக் வியூ'. நீங்கள் ஏரியைப் பார்க்கலாம், சரி. கார்த்திகை மாசத்தில் ஏரி உங்களைப் பார்க்க வரும் என்பதை மட்டும் எழுத மறந்துவிடுவார்கள்.

சிரிக்கிற விஷயமில்லை சார். நம் ஆட்களுக்கு வீடு என்பது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை செய்கிற காரியம். 40 லட்சம் கடன், 20 வருஷம், எட்டரை சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசத் தவணை சுமார் 34,700 ரூபாய். கடைசித் தவணை கட்டி முடிக்கிறபோது மொத்தம் 83 லட்சம் கொடுத்திருப்பீர்கள். வாங்கியதற்கு ஈடாக வட்டியே கட்டி, நரை விழுந்த பிறகுதான் வீடு முழுசாக உங்களுடையது. இவ்வளவு பெரிய காரியத்தை நாம் எப்படிச் செய்கிறோம்?

ரொம்ப ஜாக்கிரதையாகத்தான். 30 வருஷ வில்லங்கச் சான்று எடுக்கிறோம். மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டுகிறோம். பட்டா, வரைபட அனுமதி எல்லாம் சரி பார்க்கிறோம். வாஸ்துக்காரரைக் கூட்டிப்போய் ஈசான்ய மூலையைக் காட்டுகிறோம். தண்ணீர் வருமா என்றுகூடக் கேட்கிறோம், ஆனால் அது குழாய்த் தண்ணீர். வாசல் வழியாக வருகிற தண்ணீரைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. விற்கிறவர் சொல்லமாட்டார். வக்கீல் பத்திரத்தில் இருப்பதைத்தான் பார்ப்பார். பேங்க் வக்கீல் பார்ப்பது பேங்க் பணத்துக்கு ஆபத்தா என்று. உங்கள் சோபாவுக்கு ஆபத்தா என்று பார்ப்பது அவர் வேலையில்லை.

2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு ஓடியது. மொட்டை மாடியில் நின்று கையாட்டியவர்கள் குடிசைவாசிகள் இல்லை. கடன் வாங்கி, பத்திரம் பதிந்து, வீட்டு வரி கட்டிக்கொண்டிருந்தவர்கள். நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற மழை என்றார்கள். 2021-லும் அதே பக்கம் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும். நம்ம ஊரில் நூறு வருஷம் எவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது பாருங்கள்!

'ஏரியை ஆக்கிரமித்தால் தண்ணீர் வரத்தானே செய்யும்?' என்று கேட்கிற புத்திசாலிகள் உண்டு. அவர்களுக்கு ஒரு விஷயம். மூழ்கிய வீடுகள் எல்லாமே ஆக்கிரமிப்பு கிடையாது. எத்தனையோ வீடுகளுக்கு அசல் பட்டா இருக்கிறது. அந்தப் பட்டாவில்தான் சூட்சுமமே. அதில் 'நன்செய்' என்று ஒரு வார்த்தை இருக்கும். நன்செய் என்றால் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த வயல். ஏரி மேட்டில், வயல் பள்ளத்தில் இருந்தால்தானே பாசனம்? அந்தப் பள்ளத்தில் நாம் பத்திரப்படி, பட்டாப்படி, அனுமதிப்படி வீடு கட்டியிருக்கிறோம். மதகு வழியாக வந்து பழகிய தண்ணீருக்கு வயல் மனையான விஷயம் தெரியாது.

ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீர்தான் அடையாறாகக் கிளம்பி மண்ணிவாக்கம், முடிச்சூர், வரதராஜபுரம் என்று வருகிறது. கிழக்கே சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிப் போகிறது. அந்தச் சதுப்பு ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர். 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறியபோது மிஞ்சியிருந்தது சுமார் 1,250 ஹெக்டேர். குளியலறையில் தண்ணீர் போகிற துளையில் முக்கால்வாசியை அடைத்துவிட்டு, வீடெல்லாம் ஈரம் என்று புலம்பினால் என்ன அர்த்தம்?

அடைத்தது யார்? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

மனை வாங்கினால் நூற்றுக்கு 9 ரூபாய் அரசாங்கத்துக்கு. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. 30 லட்ச ரூபாய் மனைக்கு 2 லட்சத்து 70 ஆயிரம். இதற்கு அரசு நமக்குச் செய்வது என்ன? விற்கிறவர்தான் சொந்தக்காரர் என்று உத்தரவாதம் தருகிறதா? கிடையாது. மூலப்பத்திரம் காட்டினால்தான் பதிவு என்று தமிழ்நாடு ஒரு விதி வைத்திருந்தது. அதையும் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. சொத்து யாருடையது என்று ஆராய்கிற அதிகாரம் சார்பதிவாளருக்குச் சட்டத்தில் இல்லையாம். தீர்ப்பில் தப்பில்லை. அப்போது சட்டம் அப்படித்தான் இருந்தது. சட்டம் அப்படி இருந்ததுதான் தப்பு.

பழைய கதை இதைவிட மோசம். அங்கீகாரமில்லாத மனைகளை வருஷக்கணக்கில் பதிவு செய்து, கட்டணம் வாங்கி, ரசீதும் கொடுத்தார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்தது. அதாவது, பதியக் காசு கட்டிய அதே ஆள், அந்த மனையை ஒழுங்காக்க இன்னொரு தடவை காசு கட்டலாம். பிரித்து விற்றவர் லாபத்தோடு அடுத்த 'நகர்' போடப் போய்விட்டார். நான் படித்த பி.காம். பாடத்தில் இரட்டைப் பதிவு என்றால் ஒரு பற்றுக்கு ஒரு வரவு இருக்கும். இங்கே பற்று மட்டும்தான் இரண்டு தடவை.

'வாங்குகிறவன்தான் பார்த்து வாங்கணும்' என்பது பழைய வியாபாரச் சட்டம். கத்திரிக்காய்க்குச் சரி. புரட்டிப் பார்க்கலாம், சொத்தை தெரியும். ஆனால் நிலத்தின் மட்டம் எவ்வளவு, வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது, பழைய ஓடை எந்தப் பக்கம் போனது என்ற விவரமெல்லாம் யாரிடம் இருக்கிறது? வருவாய்த் துறையிடமும் நீர்வளத் துறையிடமும். தகவலைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு, 'நீ பார்த்து வாங்கியிருக்கணும்' என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இங்கிலாந்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முகவரியைக் கொடுத்தால் அந்த இடத்துக்கு வெள்ள அபாயம் எவ்வளவு என்று அரசாங்கமே இலவசமாகச் சொல்கிறது. வீடு வாங்குகிறவரின் வக்கீல் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகுதான் ஒப்பந்தம் என்பது அங்கே வழக்கம். நிலப் பதிவேட்டில் தப்பு இருந்து நஷ்டம் வந்தால் அந்தப் பதிவகமே ஈடு கட்டுகிறது. அங்கேயும் ஆற்றோரம் வீடு வாங்குகிறார்கள், வெள்ளத்தில் மாட்டுகிறார்கள். ஆனால் தெரிந்து வாங்குகிறார்கள்.

நாம் கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. பத்திரத்தோடு ஒரே ஒரு பக்கம். அந்த மனை 1950-க்கு முன் என்னவாக இருந்தது, பக்கத்து ஏரியும் ஓடையும் எத்தனை மீட்டரில், 2015-லும் 2023-லும் அங்கே எத்தனை அடி தண்ணீர் நின்றது. இந்த மூன்றையும் அரசு எழுதிக் கையெழுத்துப் போட்டு, பொய்யென்றால் வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரட்டும். 'ரியல் எஸ்டேட் படுத்துவிடும்' என்பார்கள். படுக்கட்டும். உண்மையைச் சொன்னால் படுக்கிற வியாபாரம் எழுந்து நிற்க வேண்டிய அவசியமென்ன? மேட்டு நிலம் விலை ஏறும், பள்ளம் விலை இறங்கும். சந்தை என்றால் அதுதானே!

2021-ல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர்ப் பலகை மாறியது. ஒவ்வொரு வார்டிலும் வெள்ளம் நின்ற மட்டத்தை ஒரு கம்பத்தில் கோடு போட்டு எழுதி வைக்க ஒரு டப்பா பெயிண்ட் போதும். கவுன்சிலரைக் கேட்டுப் பாருங்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர்தானே!

அதுவரைக்கும் உங்கள் பாதுகாப்பு உங்கள் கையில். மனையை ஏப்ரலில் பார்க்காதீர்கள், ஏப்ரலில் எல்லா ஊரும் மேடுதான். நவம்பரில், மழை விட்ட மறுநாள் போங்கள். புரோக்கரை விட்டுவிட்டுத் தெருமுனை இஸ்திரிக்காரரைக் கேளுங்கள், அவருக்கு கமிஷன் கிடையாது. பக்கத்து வீட்டு காம்பவுண்டுச் சுவரில் கறைக் கோடு எந்த உயரத்தில் என்று பாருங்கள். ரோடு மேலேயே ரோடு போட்டு வீடு பள்ளமாகியிருக்கிறதா, பாருங்கள். ஊர்ப் பெயரையும் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பழவந்தாங்கல் மாதிரி 'தாங்கல்' என்று முடிந்தால், தாங்கல் என்றால் சிறிய ஏரி. பெயர் வைத்த பாட்டன் எதையும் மறைக்கவில்லை. மறைப்பதெல்லாம் 'நகர்', 'அவென்யூ' என்று பெயர் வைத்தவர்கள்தான்.

அடுத்த தடவை சார்பதிவாளர் அலுவலகத்தில் பணம் கட்டும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: 'இந்த ஒன்பது சதவீதத்துக்கு எனக்கு என்ன உத்தரவாதம்?' பதில் வராது. ஆனால் வரிசையில் பின்னால் நிற்கிறவர் காதில் விழும். அவரும் கேட்கட்டும்.